மறு: அறுவடை இயந்திரத்தின் 'பெல்ட்' – எந்த பெல்ட்?

> நாம் எழுதும் தமிழ்ப் பழுதுபார்ப்புக் கையேட்டில் 'பெல்ட்' என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் வேறு பொருளில். டெல்டாவில் 'பெல்ட் வண்டி' என்றால் ரப்பர் தடத்தில் ஓடி, சேற்று வயலில் இறங்கும் அறுவடை இயந்திரம். மற்றது 'டயர் வண்டி'. வாடகை பேசுவதே அப்படித்தான். மன்னார்குடிப் பக்கமிருந்து "பெல்ட் போயிடுச்சு" என்று போன் வந்தால், தடமா, கதிரடி உருளையைச் சுற்றவைக்கும் ரப்பர் வளையமா என்று திருப்பிக் கேட்காமல் உதிரிபாகம் எடுத்துவைக்க முடியாது. ஆகவே அதற்குத் 'தடப்பட்டை', இதற்கு 'வார்' என்று பிரிப்போம். இலங்கை வழக்கில் சீட் பெல்ட்டுக்கு 'ஆசனப்பட்டி' இருக்கிறது, நல்ல சொல்தான். ஆனால் இங்கே பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம்.

வி வடிவ வகைக்கு (வி-பெல்ட்) 'ஆப்புவார்' என்பது என் முன்மொழிவு. முன்பு வந்த 'முக்கோண வார்' சரியில்லை. அதன் குறுக்குவெட்டு சரிவகம்: பி என்ற அளவுப் பிரிவுக்கு மேலகலம் 17 மி.மீ., உயரம் 11 மி.மீ.; சி பிரிவுக்கு 22, 14. வடிவத்தைவிட வேலை முக்கியம். வாரின் இரு பக்கச் சுவர்களும் கப்பிப் பள்ளத்தில் ஆப்பாக இறுகுவதால்தான் அது இழுக்கிறது; அடிப்பக்கம் பள்ளத்தைத் தொடவே கூடாது. பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் வார் தேய்ந்து இறங்கிவிட்டது, அல்லது கப்பியின் சுவர் குழிந்துவிட்டது என்று பொருள். பழைய வண்டிகளில் பாதிக் கோளாறு இந்தக் கப்பியில்தான், பழி மட்டும் வாருக்கு. குழிந்த கப்பியில் புது வார் போடுவது வீண்செலவு.

----

மறு: மறு:

ஆப்பு என்றதும் பட்டறையில் சிரிப்பார்கள் ஐயா. சிரித்தாலும் மறக்கமாட்டார்கள், எனவே எனக்குச் சம்மதம். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கடையில் வாங்க முடியாது. மேலே துணி சுற்றியது 'உறை ஆப்புவார்', உறையில்லாமல் உட்புறம் பல் வெட்டியது 'பல் ஆப்புவார்' என்று இரண்டையும் சேர்த்துப் பதிய வேண்டும். தானியம் கொட்டும் திருகு போன்ற இடங்களில் இறுக்குக் கப்பியைத் தளர்த்தினால் ஓட்டம் நிற்கும், அழுத்தினால் பிடிக்கும். வாரே அங்கே கிளச்சு. உறை இருந்தால்தான் வழுக்கி வழுக்கி மெல்லப் பிடிக்கும். அளவு ஒத்துப்போகிறதே என்று பல் ஆப்புவார் போட்டால் வெடுக்கென்று இழுத்துச் சீக்கிரம் கிழியும்.

மாற்றும் பத்தியைப் புதுச் சொற்களில் எழுதிப் பார்த்தேன். தடுக்கும் இடத்தைச் சொல்லுங்கள்:

"வெட்டுப்பகுதியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடவும். கதிரடி உருளை கனமானது, சாவியை எடுத்த பிறகும் சுற்றும். நிற்கும்வரை கை வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஆப்புவாரை எடுக்க வெளியே இருப்பவற்றைக் கழற்றியாக வேண்டும். கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்து, எது எந்தக் கப்பிக்கு என்று சாக்பீஸால் குறிக்கவும். இறுக்குக் கப்பியை முழுதும் தளர்த்திய பிறகே வாரை ஏற்றவும். கடப்பாரை, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளிருக்கும் இழுநூல் அறும். வெளியே எதுவும் தெரியாது, ஓட்டத்தில் வார் புரண்டுகொள்ளும். ஒரே கப்பியில் இரண்டு மூன்று வார் ஓடினால் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக மாற்றவும். புதியது ஒன்றை மட்டும் சேர்த்தால் நீண்டுபோன பழையவை சும்மா சுற்ற, சுமை முழுதும் புதியதன் தலையில் விழும். நேர்ச்சட்டமோ இழுத்துக் கட்டிய நூலோ வைத்து இரண்டு கப்பியும் ஒரே கோட்டில் இருக்கிறதா பார்க்கவும். ஓர் அடி இடைவெளிக்கு இரண்டரை மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. கப்பிகளுக்கு இடையே தாங்கலின்றி ஒரு மீட்டர் போகும் வாரை நடுவில் அழுத்தினால் சுமார் 16 மி.மீ. தாழ வேண்டும். சுருள்வில் இழுக்கும் இறுக்குக் கப்பிக்கு இந்தக் கணக்கு வேண்டாம், வில்லின் நீளத்தையே தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்கவும். அரைமணி ஓட்டியபின் ஒருமுறையும், ஒருநாள் அறுத்தபின் மறுமுறையும் இழுவையைச் சரிபார்க்கவும்."

இன்னொரு சொல் வேண்டும். குறுவை அறுவடை மழையில் மாட்டினால் ஈர வைக்கோல் உருளையில் சுற்றி அதை நிறுத்திவிடும். எஞ்சின் பக்கக் கப்பியோ நிற்காமல் சுழன்று, வாரின் ஒரே இடத்தைத் தேய்த்துக் கருக்கும். பிறகு அந்த இடம் கப்பிக்கு வரும்போதெல்லாம் வண்டி திக்கும். அதற்குத் 'தீய்ந்த வடு' போதுமா? வழுக்குகிறதே என்று பிசின் தடவுகிறவர்களும் உண்டு. தூசியையும் பதரையும் சேர்த்து ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். வாரைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் போதும், மண்ணெண்ணெய் ஆகாது.

----

மறு: மறு: மறு:

'தீய்ந்த வடு' போதும். 'ஆப்பு வார்' என்று பிரித்து அச்சிடாதீர்கள், 'தோசை வார்' மாதிரி வினையாகிவிடும். சேர்த்தே எழுதுங்கள். இரு முகமும் ஆப்பாக வேலை செய்யும் அறுகோண வகைக்கு 'இருமுக ஆப்புவார்' தானே அமைந்துவிடுகிறது.

வண்டியின் ஓட்ட வேகத்தை மாற்றும் கப்பிக்கு 'விரிகப்பி' என்கிறேன். அதன் இரு தட்டுகளும் விலகினால் வார் உள்ளே இறங்கும், நெருங்கினால் வெளியே ஏறும். நின்ற நிலையில் நெம்பித் தட்டை விரிக்கக் கூடாது என்பதையும் அந்தப் பதிவிலேயே சேருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நடுவில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே வேக நெம்புகோலால் தட்டுகளை விலக்கிவிட்டு அணைத்தால்தான் வார் தளர்ந்து கையோடு வரும். கிரீஸ் வைக்கும்போது வழிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் நேராகப் புது வாருக்குத்தான் போகும்.