மறு: ஃபில்டர் பபிள் – குமிழி வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் எதைச் சொடுக்குகிறோம் என்று பார்த்து, இணையத்தளத்தின் நிரல் நமக்குப் பிடித்ததை மட்டும் காட்டி மற்றதைச் சொல்லாமல் மறைத்துவிடுகிறதே, அதுதான் ஃபில்டர் பபிள் (filter bubble). அதற்கு ‘வடிகட்டிக் குமிழி’ என்று முந்தைய மடலில் வந்த பரிந்துரை சொல்லுக்குச் சொல் சரிதான். எனக்குக் குமிழிமேல்தான் தயக்கம். தமிழில் குமிழி என்றாலே நீர்க்குமிழி, நிலையாமை. மைத்துனரிடம் சொல்லிப் பார்த்தேன். “குமிழிதானே மாப்பிள்ளை, தானா உடைஞ்சிடும்” என்றார். இது அப்படி உடைகிற சரக்கில்லை. ஒவ்வொரு சொடுக்குக்கும் சுவர் தடித்துக்கொண்டே போகும்.

2011-இல், இந்தச் சொல்லைப் பரப்பிய அமெரிக்க இணையச் செயற்பாட்டாளர் எலை பாரிசர் தன் கதையையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். அவர் முற்போக்குச் சாய்வுள்ளவர். ஃபேஸ்புக்கில் பழமைவாத நண்பர்களையும் விரும்பியே சேர்த்திருந்தார். ஆனால் அவர்கள் தரும் இணைப்புகளைக் குறைவாகத்தான் சொடுக்கினார். அதைக் கவனித்த நிரல் அவர்களுடைய பதிவுகளைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. அவர் யாரையும் விலக்கவில்லை. நிரல் அவரைக் கேட்கவும் இல்லை.

நம் கருத்தே திரும்பத் திரும்பக் கேட்கும் எதிரொலிக் கூடம் (echo chamber) வேறு. அங்கே நாமே தேடிப்போய் உட்காருகிறோம். ஒரே நாளிதழ், ஒரே அலைவரிசை என்று இணையத்துக்கு முன்பும் அது இருந்ததுதான். இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். 2015-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ஃபேஸ்புக் பயனர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. மாற்றுக் கருத்து கண்ணில் படாமல் போவதில் நிரலைவிடப் பயனரின் சொந்தத் தேர்வுக்கே பங்கு அதிகம் என்றது. (செய்தவர்கள் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள், அதையும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.) ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த முடிவைத் தமிழில் எப்படி எழுதுவது?

சரி, என்ன சொல் வைக்கலாம்? அரித்தெடுப்பதால் ‘அரிப்பு’ என்றால் சொறியத் தோன்றும். நன்னூலின் ‘நெய்யரி’ (நெய் வடிகட்டி) ஆசை காட்டுகிறது. ஆனால் அது நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. இங்கே நடப்பது நல்லது கெட்டது பார்க்கிற வடிப்பு இல்லை, பிடித்தது பிடிக்காதது பார்க்கிற வடிப்பு.

என் பரிந்துரை: மறைவடிப்பு, அதாவது மறைவாக நடக்கும் வடிப்பு. மறைமுகம்போல வாயில் நிற்கும். ‘அவருடைய செய்தியோடை மறைவடிப்புக்கு உள்ளாகியிருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை. சிலை வடிப்பதோடு குழம்புமா என்று ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் உண்டு.

அப்புறம், இதற்குள் சிக்கிய ஆளை எப்படிச் சொல்வது? ‘மறைவடிப்புக்கு உள்ளானவர்’ எனக்கே நீளமாகப் படுகிறது. யாரிடமாவது சின்னதாக ஒன்று இருக்கிறதா?