கெட்டிலிலிருந்து பெர்மென்டருக்கு இறக்கும்போது ஹாப்ஸ் மண்டியும் கூடவே வருகிறது, எப்படித் தடுப்பது?

மெல்பன்வாசி எழுதியது:

வணக்கம். வீட்டில் ஒரு தடவைக்கு 23 லிட்டர் பீர் காய்ச்சுகிறேன். கெட்டிலாக 35 லிட்டர் ஸ்டீல் பானை, கேஸ் அடுப்பு, ஆற வைக்கச் செம்புச் சுருள் சில்லர். பானையில் குழாய் கிடையாது, பம்ப் போல அடித்து உறிஞ்சவைக்கும் ஆட்டோ சைஃபன் குழாய் வைத்துத்தான் பெர்மென்டருக்கு, அதாவது நொதிக்க வைக்கும் கலத்துக்கு, இறக்குகிறேன். சாதாரண பேல் ஏல் வகை பீர் என்றால் தொந்தரவே இல்லை, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ கொஞ்சம்தான் போகிறது. ஹாப்ஸ் அதிகம் போடும் ஐபிஏ வகை என்று வந்தால் 150, 200 கிராம் பெல்லட் ஹாப்ஸ் உள்ளே போய்விடுகிறது, ஆறினதும் மூடியைத் திறந்தால் அடியில் பச்சைச் சேறு. சைஃபன் பாதியில் அடைத்துக்கொண்டு காற்றை இழுக்கிறது, ஓட்டம் அறுந்துபோகிறது, மறுபடி அடித்துத் தொடங்கினால் அந்த அடியில் இருந்த மண்டியெல்லாம் கலங்கி மேலே வந்துவிடுகிறது. சமையலறை வடிகட்டியைப் பிடித்தால் இரண்டு கரண்டி ஊற்றுவதற்குள் கண் அடைந்து வோர்ட் (நொதிக்கும் முன் உள்ள மால்ட் சாறு) மேலேயே தேங்கி நிற்கிறது.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். புதிதாகப் பெரிய செலவு இல்லாமல் இதைச் சமாளிக்க என்ன வழி? கொஞ்சம் மண்டி உள்ளே போய்விட்டால் உண்மையிலேயே பீர் கெட்டுப்போகுமா?

ஸ்காபரோக்காரன் எழுதியது:

வடிகட்டுவதைப் பற்றி யோசிக்கும் முன் சுழற்றித் தெளிய விடுவதை ஒழுங்காகச் செய்து பாருங்கள், காசே செலவில்லை. பெல்லட் என்பது ஹாப்ஸை மாவாக அரைத்து அழுத்தியதுதான், கொதியில் அது கரைந்து திரும்ப மாவாகிவிடும், அதைச் சல்லடையில் பிடிக்க நினைத்தால் சல்லடைதான் தோற்கும். ஒரே இடத்தில் ஒதுக்கிவிட்டு மேலிருப்பதை எடுப்பதுதான் வழி.

வோர்ட் ஆறினதும் முதலில் சில்லரை வெளியே எடுத்துவிடுங்கள். பலர் சுருளை உள்ளே வைத்துக்கொண்டே கிண்டிவிட்டு ஒன்றும் ஒதுங்கவில்லை என்கிறார்கள், சுருள் இருந்தால் சுழற்சி நிலைக்காது, அங்கங்கே உடைந்துவிடும். கிருமி நீக்கிய நீளக் கரண்டியால் பானை ஓரமாக ஒரே திசையில் இரண்டு மூன்று நிமிஷம் வேகமாகச் சுற்றுங்கள், நடுவில் நன்றாகக் குழி விழ வேண்டும். கரண்டியை எடுத்து, மூடி போட்டு, 20 நிமிஷம் பானையைத் தொடாதீர்கள். மண்டி நடுவில் ஒரு மேடாகக் குவிந்திருக்கும், சுவரோரம் தெளிவாக இருக்கும். தேநீரைக் கலக்கினால் இலைத்தூள் கோப்பையின் நடுவில் சேருகிறதே, அதே இயற்பியல்தான். ஓரத்தில் சுற்ற வேண்டிய தூள் ஏன் நடுவுக்கு வருகிறது என்று 1926ல் ஐன்ஸ்டைன் விளக்கி எழுதியிருக்கிறார்: அடித்தளத்தில் உராய்வால் சுழற்சி மெதுவாகிறது, அதனால் அடியில் நீர் உள்நோக்கி நகர்ந்து தூளை நடுவில் விட்டுவிட்டு மேலேறுகிறது. பெரிய ஆலைகளும் இதைத்தான் செய்கின்றன, எங்கள் கனடாவில் மாண்ட்ரியால் மோல்சன் ஆலையில் 1960ல் தொடங்கிய முறை.

சைஃபன் முனையைச் சுவரை ஒட்டி, பாதி ஆழத்தில் பிடித்துத் தொடங்குங்கள். மட்டம் இறங்க இறங்க நீங்களும் இறக்குங்கள். கடைசி மூன்று நான்கு லிட்டரில் ட்யூபைக் கொஞ்சம் நசுக்கி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மேடு சரிந்து முனையை நோக்கி வரும். வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், பச்சையாக ஒரு நாக்கு நீளும். அதைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள்.

சிங்கைச்சுவை எழுதியது:

மேலே சொன்னது சரி, ஆனால் 200 கிராம் ஹாப்ஸுக்கு அந்த மேடே பானையில் பாதி அடியைப் பிடித்துக்கொள்ளும். அந்த அளவுக்கு நான் ஹாப் ஸ்பைடர் பயன்படுத்துகிறேன். 300 மைக்ரான் ஸ்டீல் வலையில் நீள உருளை, பானை விளிம்பில் தொங்கும், ஹாப்ஸ் எல்லாம் அதற்குள் மட்டும். கொதி முடிந்ததும் தூக்கி, பானைமேல் பிடித்து வடியவிட்டு எடுத்தால் பெரும்பங்கு போயிற்று. செலவு வேண்டாம் என்றால் மெல்லிய நைலான் பை போதும். ஆனால் பையை இறுக்கிக் கட்டவே கூடாது. பெல்லட் ஊறிப் பல மடங்கு பருக்கும், இடம் இல்லாவிட்டால் நடுவில் இருப்பது நனையாமலேயே கிடக்கும், கசப்பும் வராது மணமும் வராது. பை பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும், அவ்வப்போது தூக்கி முக்கி எடுக்க வேண்டும்.

சைஃபன் அடைப்புக்குத் தனியாக ஒன்று: பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் சுருள் நார் இருக்கிறதல்லவா, சோப்பு கலக்காத புதியது, அதை முனையில் சுற்றிக் கம்பியால் கட்டிக் கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்துப் பயன்படுத்துங்கள். மாவைத் தடுக்காது, கட்டிகளைத் தடுக்கும், ஓட்டம் அறாது. துருப்பிடிக்கும் மலிவான இரும்பு நார் வேண்டாம்.

மெல்பன்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஸ்பைடருக்குள் போட்டால் ஹாப்ஸின் சாரம் முழுதாக இறங்குமா என்பதுதான் சந்தேகம். ஐபிஏவில் மணம் குறைந்தால் பிறகு எதற்கு அவ்வளவு ஹாப்ஸ். தெளிய வைக்கப் போடும் ஐரிஷ் மாஸ் போட்டால் ஹாப்ஸும் சேர்ந்து படியுமா?

சிங்கைச்சுவை எழுதியது:

கொஞ்சம் குறையும், அதற்காகச் சிலர் 10% கூட்டிப் போடுகிறார்கள். நான் கசப்புக்கான ஹாப்ஸை ஸ்பைடரில் போட்டு, அடுப்பை அணைத்த பிறகு 80 டிகிரிக்கு இறக்கிப் போடும் மண ஹாப்ஸை மட்டும் நேரே வோர்ட்டில் விட்டுவிடுகிறேன். அந்தப் பாதி மண்டியைச் சுழற்றல் பார்த்துக்கொள்கிறது. ஐரிஷ் மாஸோ அதன் மாத்திரை வடிவமான வேர்ல்ஃப்ளாக்கோ கண்டிப்பாகப் போடுங்கள், மாத்திரை என்றால் 23 லிட்டருக்கு அரை, கொதி முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது. கடற்பாசியிலிருந்து வருவது, புரதத்தைத் திரட்டிச் செதில் செதிலாகப் படிய வைக்கும், ஹாப்ஸ் தூளும் அதில் மாட்டிக்கொண்டு அடியில் போய் உட்காரும்.

கென்ட்தோட்டம் எழுதியது:

பெல்லட்டை விட்டு முழுக் கதிர் ஹாப்ஸுக்கு மாறலாமே? இங்கே இங்கிலாந்தில் ஃபகிள், கோல்டிங்ஸ் ரக ஹாப்ஸ் எல்லாம் கதிராகவே கிடைக்கிறது. கதிர் உடையாது, பானை அடியில் மெத்தையாகப் படிந்து அதுவே வடிகட்டியாகிவிடும், வோர்ட் அதன் வழியாக இறங்கும்போது புரதச் செதில்கூட அதில் தங்கிவிடும். ஆனால் அதற்குப் பானையில் குழாயும் உள்ளே ஒரு வலையும் வேண்டும், உங்களுக்கு அது இல்லை. வோர்ட்டையும் பெல்லட்டைவிட அதிகம் உறிஞ்சும். 200 கிராம் கதிர் போட்டால் ஒரு லிட்டருக்கு மேல் தாராளமாகப் போய்விடும்.

பிரிஸ்பன்பீப்பாய் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, எனக்கு அதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. கொஞ்சம் மண்டி உள்ளே போனால் பீர் கெடாது. வோர்ட்டில் படியும் அந்தச் செதிலில் கொழுப்பு அமிலமும் துத்தநாகமும் இருக்கிறது, ஈஸ்ட் தொடக்கத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். மீதி நொதிக்கும் காலத்தில் அடியில் படிந்து, மேலே ஈஸ்ட் படிந்து மூடிவிடும். நீங்கள் இழப்பது கொள்ளளவுதான், அடியில் இரண்டு விரல் சேறு இருந்தால் அவ்வளவு பீர் குறையும். அதற்கு நேரான வழி, 23 லிட்டர் வேண்டுமென்றால் கணக்கை 26 லிட்டருக்குப் போட்டுக் காய்ச்சுவது. தானியம் அரைக் கிலோவுக்கு மேல் கூடும், அவ்வளவுதான். கடைசி லிட்டர்களை விட மனம் வராமல் சாய்த்து ஊற்றினால், அந்த இடத்தில்தான் சேறு முழுவதும் உள்ளே வருகிறது.

இங்கே ஆஸ்திரேலியாவில் பலர் சில்லரே வைத்துக்கொள்வதில்லை. சூடான வோர்ட்டை நேரே க்யூப் எனப்படும் தடித்த பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடி இறுக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்து மறுநாள்வரை விட்டுவிடுகிறார்கள். காலையில் மண்டி எல்லாம் கெட்டியாக அடியில் உட்கார்ந்திருக்கும், அசைக்காமல் மேலிருப்பதை ஊற்றலாம். ஆற நேரமாவதால் கசப்பு கொஞ்சம் ஏறும், பின்னால் போடும் ஹாப்ஸின் நேரத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

வடிகட்டி பற்றி: ஈஸ்ட் போடுவதற்கு முன், ஆறிய வோர்ட்டை வடிகட்டி வழியாக ஊற்றலாம், தெளித்தாலும் நல்லதுதான், ஈஸ்டுக்கு அப்போது ஆக்சிஜன் வேண்டும். கண் பெரிய சல்லடை முதலில், சிறியது அப்புறம், இரண்டும் கிருமி நீக்கியிருக்க வேண்டும். நொதித்து முடிந்த பிறகு அந்த வேலையே வேண்டாம், காற்று பட்டால் ஐபிஏவின் மணம் சில நாளில் போய்க் காகித அட்டை வாடை வந்துவிடும். ட்ரை ஹாப் (கொதிக்க வைக்காமல் பெர்மென்டரிலேயே போடும் ஹாப்ஸ்) போட்ட பீரை 2 டிகிரிக்கு இறக்கி இரண்டு மூன்று நாள் வையுங்கள், ஹாப்ஸ் தானாக இறங்கும். குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ஏர்லாக்கில் (பெர்மென்டர் மூடியில் வாயுவை வெளியே விடும் தண்ணீர் அடைப்பு) உள்ள தண்ணீரையும் வெளிக்காற்றையும் இழுக்கும், அதையும் கவனியுங்கள்.

மெல்பன்வாசி எழுதியது:

26 லிட்டர் யோசனை நன்றாக இருக்கிறது, பானையில் இடம் இருக்கிறது. சுழற்றல், அரை மாத்திரை, கசப்பு ஹாப்ஸுக்கு மட்டும் பை, இதுதான் இந்தச் சனிக்கிழமைத் திட்டம். அடியில் மிச்சமாகும் மண்டியைத் தோட்டத்து எருக்குழியில் போடலாமா?

பிரிஸ்பன்பீப்பாய் எழுதியது:

செடிக்கு நல்லதுதான், ஆனால் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நாய் இருந்தால் போடவே போடாதீர்கள். ஹாப்ஸ் நாய்க்கு விஷம், காய்ச்சி எடுத்த சக்கையும் அப்படித்தான். மால்ட் இனிப்பு வாசனைக்கு ஓடிவந்து தின்னும், உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். பையில் கட்டி மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள். தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.