மறு கன்னத்தை காட்டுறதுன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கிறதா?

சிறுமந்தை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஆபீஸ்ல மூணு வாரம் ராத்திரி பகலா உக்காந்து நான் முடிச்ச வேலைய, கூட இருக்கிறவர் மீட்டிங்ல தான் செஞ்ச மாதிரி காமிச்சுட்டார். இயேசு பதில் பேசாம இருந்தாரே, நாமளும் அப்படித்தான் இருக்கணும்னு பல்ல கடிச்சுக்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா பையன் தண்ணி டம்ளர தட்டி விட்டுட்டான், அதுக்கு நான் கத்துன கத்துல அவன் மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. அப்பதான் உறைச்சுது, இது பொறுமையே இல்ல, கோவத்த அங்கருந்து இங்க தூக்கிட்டு வந்திருக்கேன். இயேசு மாதிரி நடக்கிறதுன்னா நிஜமாவே என்ன? ஞாயித்துக்கிழமை புரியுது, திங்கக்கிழமை புரியல.

விடிவெள்ளி:
பிரதர், யோவான் 18ஆம் அதிகாரத்த மெதுவா வாசிங்க. பிரதான ஆசாரியனோட மாமனார் அன்னா முன்னாடி நிக்கும்போது ஒரு சேவகன் இயேசுவ அறையுறான். மறு கன்னத்த காட்டுன்னு மலைப்பிரசங்கத்துல சொன்னவரே அவர்தான், ஆனா அங்க அவர் சும்மா இருக்கல. நான் தப்பா பேசியிருந்தா எது தப்புன்னு சொல்லு, சரியா பேசியிருந்தா ஏன் அடிக்கிறேன்னு கேக்குறார் (23ஆம் வசனம்). திருப்பி அடிக்கல, சபிக்கல, ஆனா அநியாயத்த நேருக்கு நேரா கேட்டுட்டார். அதே இயேசு ரோம தேசாதிபதி பிலாத்து முன்னாடி, தன்மேல சாட்டுன குற்றங்களுக்கு ஒரு வார்த்தை கூட பதில் சொல்லல (மத்தேயு 27:14). பேசுனதும் பயந்து இல்ல, பேசாததும் பயந்து இல்ல. நீங்க பேசாம வந்தது அன்பாலயா, இல்ல பேசுனா என்ன ஆகுமோங்கிற பயத்தாலயா? கடுமையா கேக்குறேன், மன்னிச்சுக்கோங்க.

கிருபை_அம்மா:
விடிவெள்ளி சொல்றது சரிதான், ஆனா கேக்குற உரிமைய மட்டும் புடிச்சுக்கிட்டா நாளைக்கு எல்லாத்துக்கும் சண்டைக்கு நிப்போம். 1 பேதுரு 2:21ல கிறிஸ்து நமக்கு மாதிரிய வச்சுட்டுப் போனார்னு வருதுல்ல, அங்க மாதிரிங்கிறதுக்கு உள்ள கிரேக்க வார்த்தை ஹூப்போகிராம்மோஸ். எழுதப் பழகுற பிள்ளைக்கு வாத்தியார் போட்டுக் கொடுக்கிற எழுத்து, பிள்ளை அதப் பாத்துப் பாத்து எழுதும். புதிய ஏற்பாட்டுல அந்த ஒரு இடத்துலதான் இந்த வார்த்தையே வருது. என் பொண்ணு 'அ' பழகுனப்ப பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், சுழி கோட்ட விட்டு வெளிய ஓடும், அழிப்பா, நாக்க கடிச்சுக்கிட்டு மறுபடி சுழிப்பா, வாத்தியார் போட்ட எழுத்து மட்டும் அப்படியே மேல இருக்கும். இத எழுதுனது யாரு, இயேசுவ பிடிக்க வந்தப்ப கத்திய உருவி மல்குஸ்ங்கிற வேலைக்காரன் காத வெட்டுன பேதுரு, இயேசுவ தெரியாதுன்னு மூணு தடவ மறுதலிச்ச பேதுரு. அவர் கோடும் எத்தனையோ தடவ வெளிய ஓடியிருக்கு. நீங்க ஒரு நாள் கத்துனதால எல்லாம் போச்சுன்னு நெனக்காதீங்க பிரதர்.

பழைய_துரவு:
தம்பி, எல்லாரும் ஆபீஸ் பத்தியே பேசுறீங்க, பையன்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சா? அங்கருந்து ஆரம்பிங்க. யோவான் 13ல இயேசு கால் கழுவுனப்ப யூதாசும் அந்த அறையிலதான் இருந்தான், அவன் எழுந்து போனது அதுக்கு அப்புறம்தான். காட்டிக் கொடுக்கப் போறான்னு தெரிஞ்சே அவன் காலயும் கையில எடுத்திருக்கார், என்னால இன்னைக்கும் அந்த இடத்த தாண்டி வாசிக்க முடியல. அந்த ஆபீஸ்காரர்கிட்ட பேசுங்க, ஆனா மத்தேயு 18:15ல சொன்னபடி தனியா பேசுங்க, நாலு பேர் முன்னாடி வேண்டாம். பேசப் போறதுக்கு முன்னாடி, அவர் நாளைக்கே ஒரு உதவின்னு வந்து நின்னா செய்வேனான்னு உங்களையே கேட்டுக்கோங்க. முடியாதுன்னு பட்டா இன்னும் ரெண்டு நாள் ஜெபம் பண்ணிட்டு போங்க.

சிறுமந்தை:
ஐயா, நீங்க கேட்டதும் போன வச்சுட்டு எழுந்து போய்ட்டேன். அப்பா அன்னைக்கு கத்துனது தப்புடான்னு சொன்னேன். அவன் என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்பவே நான் தண்ணிய தொடச்சுட்டேனேப்பா"ன்னான். அவன் தொடச்சத நான் பாக்கவே இல்ல. விடிவெள்ளி, பயம்தான், ஒத்துக்கிறேன். புதன்கிழமை அவர தனியா கூப்பிட்டு பேசலாம்னு இருக்கேன், ஜெபத்துல நெனச்சுக்கோங்க.