சேம்பர்ஸ் ஒருவரா, இருவரா?

முதல்பாகப் பிரியன்:
"அன்டிஸ்பியூட்டட் என்ற சிறைச் சண்டைப் பட வரிசையில் இரண்டாம் பாகம்தான் உச்சம், முதல் பாகத்தைப் பார்க்கவே தேவையில்லை" என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. 2002இல் வால்டர் ஹில் இயக்கிய முதல் படத்தில் குத்துச்சண்டைச் சாம்பியன் ஜார்ஜ் சேம்பர்ஸாக விங் ரேம்ஸ் நடித்தார். சிறைக்குள் வெஸ்லி ஸ்னைப்ஸிடம் தோற்றார். 2006இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே பெயரைச் சூட்டிக்கொண்டு மைக்கேல் ஜெய் ஒயிட் வந்து நிற்கிறார். முகம் வேறு, உடல்வாகு வேறு, பேச்சு வேறு. திரையரங்கைப் பார்க்காமல் நேரே டிவிடி வட்டுக்குப் போன ஒரு படம் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டதைத் தொடர்ச்சி என்று கொண்டாடுகிறவர்களுக்குக் கதை எதற்கு, உதை இருந்தால் போதாதா?

சுழலுதை:
அதை எழுதியவன் நான்தான். பெயர் சொல்லித் திட்டியிருந்தால் இன்னும் மரியாதையாக இருந்திருக்கும். நடிகர் மாறினால் பாத்திரம் மாறிவிடுமா? சேம்பர்ஸ் அதே சேம்பர்ஸ்தான். சிறை சென்று திரும்பி, மவுசு குறைந்து, ரஷ்யாவுக்கு விளம்பரப் படத்தில் நடிக்க வந்த இடத்தில் பொய் வழக்கில் சிக்கிக்கொள்கிற பழைய சாம்பியன். முதல் படத்தில் இருந்த அதே திமிர்தான் அங்கே அவரை அடிவாங்க வைக்கிறது. படத்தை முழுதாகப் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்கும்.

முதல்பாகப் பிரியன்:
முழுதாகத்தான் பார்த்தேன். என் கேள்விக்கு விடை வரவில்லை. ரேம்ஸ் நடித்த சேம்பர்ஸ் குத்துச்சண்டைக்காரர். அவர் காலைத் தூக்கி யாரையும் உதைத்ததில்லை. ஒயிட்டின் சேம்பர்ஸ் கடைசியில் எதிரியின் காலைப் பிடித்து முறிக்கிறார். இருவரும் ஒருவரே என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்?

சுழலுதை:
அதுதானே ஐயா கதை! கையை மட்டும் நம்பிய ஒருவன், கால்களை ஆயுதமாக வைத்திருக்கும் சிறைச் சாம்பியன் யூரி பாய்காவிடம் முதல் சண்டையில் மண்ணைக் கவ்வுகிறான். பிறகு சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு கைதியிடம் பணிந்து, பிடிகளையும் உதைகளையும் கற்றுக்கொள்கிறான். கற்றுக்கொண்டதால்தான் காலை முறிக்கிறான்.

வெள்ளைப்பட்டை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முதல் சண்டையில் அவர் தோற்றதற்குக் காரணம் உதை தெரியாதது அன்று. குடிக்கும் தண்ணீரில் மருந்து கலந்துவிடுகிறார்கள். அதை விட்டுவிட்டு வாதாடுவது சரியில்லை.

சுழலுதை:
மருந்து கலந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மருந்து வேலை செய்வதற்கு முன்பே அந்த உதைகளுக்கு எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கால் வரும் திசையைப் பாராமல் தோளையே பார்த்துக்கொண்டிருக்கும் குத்துச்சண்டைக்காரனின் பழக்கத்தை அந்தச் சண்டையில் நன்றாகக் கவனியுங்கள்.

முதல்பாகப் பிரியன்:
ஆக, மருந்து என்ற பெரிய காரணத்தை நீங்கள் மறைத்துவிட்டு எழுதினீர்கள் என்பது தெளிவாகிவிட்டது. சேம்பர்ஸ் விஷயத்திலும் இதே கைவரிசைதான்.

சுழலுதை:
மறைக்கவில்லை, சுருக்கினேன். உங்களுக்கும் எனக்கும் இது புதிதல்ல. கிக்பாக்ஸர் பட வரிசை பற்றி வாதாடியபோதும், 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் முதல் படத்தின் நாயகன் வான் டாம் இல்லை, முதல் படத்தில் பேச்சிலேயே வராத தம்பியாக சாஷா மிட்செல் முளைத்துவிட்டார் என்று இதே பல்லவியைப் பாடிவிட்டு, நான் பதில் எழுதியதும் காணாமல் போனீர்கள். அந்தத் தம்பி விஷயத்தில் நீங்கள் சொன்னதை அன்றே ஒப்புக்கொண்டேன். ரோஜர் கோர்மன் தயாரித்த ப்ளட்ஃபிஸ்ட் சண்டைப் பட வரிசையில், மூன்றாம் பாகத்திலிருந்து நாயகன் டான் வில்சன் வேறு வேறு ஆளாக வருகிறார் என்பதையும், அவை எண்ணால் மட்டுமே இணைந்த தனிப்படங்கள் என்பதையும் நானே சொன்னேன். அன்டிஸ்பியூட்டட் அப்படிப்பட்டது அன்று. இரண்டாம் பாகத்தின் முடிவில் முறிந்த அந்த முழங்காலிலிருந்துதான் 2010இல் வந்த மூன்றாம் பாகம் தொடங்குகிறது. யாரும் வெல்ல முடியாதவன் என்று மார்தட்டிய பாய்கா நொண்டிக்கொண்டு, சிறையின் சாக்கடையைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறான். அவன் யாரும் பார்க்காத இடத்தில் அந்தக் காலை மீண்டும் பழக்குவதைப் பார்த்த பிறகும் இங்கே கதையே இல்லை என்று ஒருவர் சொன்னால், எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

முதல்பாகப் பிரியன்:
நான் காணாமல் போகவில்லை, வேலை இருந்தது. நீங்கள் பாய்காவின் முழங்காலைப் பேசுகிறீர்கள், நான் சேம்பர்ஸின் முகத்தைக் கேட்கிறேன். சேம்பர்ஸ் எங்கே?

இரவுக்காட்சி:
இருவரும் தொடர்ச்சி என்றால் என்னவென்று சொல்லாமலே சண்டை போடுகிறீர்கள். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இயக்குநர் ஐசக் ஃப்ளோரன்டைன் முக்கியமான உதைகளையெல்லாம் மெதுவாக்கிக் காட்டுகிறார். உண்மையான வேகம் இருந்தால் மெதுவாக்க வேண்டிய அவசியம் என்ன?

சுழலுதை:
வேகம் இல்லாதவர்தான் காட்சியைத் துண்டுதுண்டாக வெட்டி ஒப்பேற்றுவார். ஃப்ளோரன்டைன் கராத்தே பயின்றவர். பவர் ரேஞ்சர்ஸ் தொடரில் பல ஆண்டுகள் உழைத்தவர். பாய்காவாக நடிக்கும் ஸ்காட் அட்கின்ஸ் உதைக்கும்போது கேமராவைப் பின்னால் தள்ளி, தரையில் ஊன்றிய பாதம் முதல் தலை வரை முழு உடலையும் காட்டுகிறார். ஒரு கால் உதைத்து, உடல் காற்றில் திரும்பி, மறுகால் வந்து படும்வரை வெட்டாமல் நிற்கும் இடங்கள் உண்டு. பாதம் தரையை விட்டு எழுவதும், இடுப்பு முதலில் திரும்புவதும், கால் பின்னால் வந்து சேர்வதும் மெதுவாக்கினால்தானே கண்ணுக்குத் தெரியும்? பெரிய செலவில் எடுத்த எத்தனையோ படங்களில் நடிகரின் பாதம் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. இந்தப் படங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் அந்தப் பாதத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அவர்களுக்குக் கதை எதற்கு, உதை போதாதா என்று பிரியன் கிண்டலடித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வெள்ளைப்பட்டை:
ரசிகர்களின் பெருமையைப் பேசும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்காம் பாகம் வெளியாவதற்கு முன்பே திருட்டுப் பிரதி இணையத்தில் பரவியது. அதனால் ஏற்பட்ட இழப்பை அட்கின்ஸே வெளிப்படையாகச் சொல்லி, காசு கொடுத்துப் பாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். பாதத்தைப் பார்க்க வந்தவர்கள் பணத்தைக் கொண்டுவரவில்லையே.

சுழலுதை:
நான் வட்டு வாங்கித்தான் பார்த்தேன். வேறு யாரோ செய்த திருட்டை என் தலையில் கட்டாதீர்கள்.

வெள்ளைப்பட்டை:
உங்களைச் சொன்னதாக நான் எங்கே எழுதினேன்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

சுழலுதை:
வேண்டுமானால் நான்கு பாகங்களின் வட்டுகளையும் அடுக்கி வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன். முதல் பாகத்தின் வட்டும் அதில் இருக்கும் என்பதைப் பிரியன் அவர்கள் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தின் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை.

முதல்பாகப் பிரியன்:
அந்த முதல் வட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் சேம்பர்ஸின் முகம் யாருடையது என்று மட்டும் சொல்லுங்கள்.

சுழலுதை:
விங் ரேம்ஸ்.

முதல்பாகப் பிரியன்:
இரண்டாவதில்?

சுழலுதை:
பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறீர்கள். ஜார்ஜ் சேம்பர்ஸ் என்ற பாத்திரத்தின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான், தொழில் ஒன்றுதான், சிறை சென்ற பழைய கதையும் ஒன்றுதான். நாளை மாலை இரண்டாம் பாகத்தை மறுபடியும் பார்த்து, முதல் படத்தைச் சுட்டும் வசனங்களை நிமிடக் கணக்கோடு எழுதுகிறேன். அதுவரை ஓடிவிடாதீர்கள்.

முதல்பாகப் பிரியன்:
எழுதுங்கள், காத்திருக்கிறேன். வசனம் எத்தனை இருந்தாலும் முகம் வேறுதான்.