புதுப்பிப்பு: கரண்ட் போய் வந்தால் கேமரா தெரியாத சிக்கல் தீர்ந்தது

கரண்ட் போய் வந்த பிறகு வீட்டு கேமரா ரெக்கார்டரை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டிலுள்ள ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் ரூட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் விதி 192.168.1.34 என்ற முகவரியைக் காட்டியது; ரெக்கார்டரோ 192.168.1.37-இல் இருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெற்றபோது, பழைய எண்ணை டிவி வாங்கிக்கொண்டது. ரூட்டரில், கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி பக்கத்தில், ரெக்கார்டரின் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) 34-ஐ நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன். ரெக்கார்டரிலேயே முகவரியை எழுதி வைப்பவர்கள், டிஎச்சிபி வழங்கும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாகப் பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் இதே மோதல் மறுபடி வரும்.

அப்புறமும் திறக்கவில்லை. ரூட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குத் தரும் முகவரியைப் பார்த்தால் 100.72 என்று தொடங்குகிறது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ளவை, இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. அங்கே நம் ரூட்டரில் எத்தனை விதி எழுதினாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. மாதக் கட்டணம் கட்டிப் பொது முகவரி வாங்கினேன். மொபைல் டேட்டாவில் சோதித்தேன், உடனே திறந்தது. வீட்டு வைஃபையில் சோதித்தால் முடிவை நம்ப முடியாது.

ரெக்கார்டரை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள் என்று எச்சரித்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ரெக்கார்டருக்கான அந்த போர்ட் ஃபார்வர்டிங் விதியை நீக்கிவிட்டேன். இப்போது வயர்கார்டு என்ற விபிஎன்-னுக்கான (வீட்டு நெட்வொர்க்கிற்குப் பாதுகாப்பான தனி இணைப்பு) யுடிபி போர்ட் 51820 மட்டும்தான் திறந்திருக்கிறது.