பிரைட்டனில் பேரக்குழந்தைகளுடன் ஒரு நாள்

செங்கோட்டை வாசகர்:
லண்டனிலுள்ள மகள் வீட்டுக்கு ஆகஸ்டில் செல்கிறோம். ஐந்து வயதுப் பேரனையும் ஒன்பது வயதுப் பேத்தியையும் இங்கிலாந்தின் கடற்கரை நகரான பிரைட்டனுக்கு அழைத்துச் செல்ல விரும்புவதால், முழங்கால் வலியுள்ள என்னாலும் சுற்ற முடிந்த இடங்களைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

புனலூர் வாசகர்:
ஐயா, ஆரியங்காவுக் குகைக்குள் ரயில் நுழையும்போது கூச்சலிடும் பிள்ளைகள் என்றால், முதலில் வோக்ஸ் மின்சார ரயிலில் ஏற்றுங்கள். 1883இல் தொடங்கி இன்றும் இயங்கும் மின்சார ரயில்பாதைகளில் உலகிலேயே பழையது அதுதான். கடலோரமாக மெதுவாகச் செல்வதால் உங்கள் முழங்காலுக்கும் ஓய்வு கிடைக்கும். 1872இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகம் அருகிலேயே இருப்பதால், மழை வந்தால் அங்கே ஒதுங்கலாம்.

கொல்லங்கோடு வாசகர்:
பிரைட்டன் கடற்கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கற்களே என்பதை முன்பே பேரனிடம் சொல்லிவிடுங்கள். மணல்வீடு கட்ட வாளியுடன் வந்த என் மகன் அரைமணி நேரம் அழுதான். ரப்பர் செருப்பு அவசியம். 1899இல் திறந்த கடற்பாலத்தில் ராட்டினங்கள் உண்டு; பலகை இடுக்கு வழியே காலடியில் அலை புரளுவதைத்தான் குழந்தைகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வறுவலைக் கையில் மூடிப் பிடியுங்கள், கடற்காகங்கள் நம் கோயில் குரங்குகளுக்குச் சற்றும் இளைத்தவை அல்ல.

புனலூர் வாசகர்:
பேத்திக்கு ராயல் பெவிலியனைக் காட்டத் தவறாதீர்கள். இந்தியக் குவிமாடங்களுடன் பிரிட்டன் மன்னர் நான்காம் ஜார்ஜுக்காக எழுந்த அந்த அரண்மனை, முதல் உலகப்போரில் காயமுற்ற இந்திய வீரர்களின் மருத்துவமனையாக இருந்தது. சமையற்கூடத் தூண்களின் உச்சியில் செப்புப் பனையோலைகள் விரிந்திருக்கும்.

செங்கோட்டை வாசகர்:
மிக்க நன்றி. வாளியை வீட்டிலேயே வைத்துவிடுகிறோம்.