தரைத்தள வீட்டுக்காரர் லிஃப்ட் செலவு தரணுமா? மெயின்டனன்ஸை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

மடிப்பாக்கம்வாசி:
எங்கள் அபார்ட்மென்டில் 12 வீடு, தரைத்தளமும் மூணு மாடியும். எல்லோருக்கும் மாதம் ஒரே தொகை. வாட்ச்மேன் சம்பளம், பெருக்குகிற அம்மா, காமன் இபி (பொது இடங்களுக்கான கரண்ட் பில்), லிஃப்ட் ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்), கோடையில் தண்ணி லாரி எல்லாம் அதிலிருந்துதான். இப்போது தரைத்தளத்தில் இருக்கும் வயதான தம்பதி, நாங்கள் லிஃப்டில் ஏறுவதே இல்லை, இருப்பதும் ரெண்டு பேர், ஆறு பேர் இருக்கும் மூணு பெட்ரூம் வீட்டுக்குச் சமமாக ஏன் கட்டணும் என்று கேட்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் படுகிறது. மாடிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் இடத்தில் எப்படி?

மும்பைத்தமிழன்:
இங்கே மகாராஷ்டிராவில் கூட்டுறவு சொசைட்டிகளுக்கு அரசே மாதிரி பைலா (சொசைட்டி நடத்தும் விதிமுறை) வைத்திருக்கிறது. லிஃப்ட் உள்ள கட்டடத்தில் அதைப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் சமமாகக் கட்டணும், வாட்ச்மேன், துப்புரவு மாதிரி சர்வீஸ் செலவும் சமம்தான். ஆனால் தண்ணிக்கு மட்டும் வீட்டுக்குள் வரும் குழாய் இணைப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் பார்த்துப் பிரிக்கணும். எல்லாச் செலவையும் ஒரே தராசில் போடாததால் இங்கே சண்டை குறைவு.

கணக்குப்பிள்ளை:
மடிப்பாக்கம் சார், நம் தமிழ்நாட்டில் லிஃப்ட் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2023 அக்டோபரில் காமன் இபி கட்டணத்தை யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தார்களே, அது 10 வீட்டுக்குள், 3 மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். லிஃப்ட் இருந்தால் அந்தச் சலுகை மோட்டாருக்கும் கிடையாது, படிக்கட்டு விளக்குக்கும் கிடையாது. உங்களுக்கு 12 வீடு என்பதால் லிஃப்டே இல்லாவிட்டாலும் கிடைத்திருக்காது, ஆனால் சின்ன கட்டடத்தில் தரைத்தளத்தார் கேட்பதற்கு இதுவும் ஒரு நியாயம்.

என் கருத்து: பெயின்ட், மொட்டைமாடி ஒழுகல், லிஃப்ட் மாற்றுவது மாதிரி பெரிய செலவெல்லாம் பத்திரத்தில் இருக்கும் யுடிஎஸ் (நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கு) விகிதப்படி போகட்டும், கட்டடத்தின் மதிப்பு கூடினால் அதே விகிதத்தில்தானே எல்லோருக்கும் கூடுகிறது. வாட்ச்மேனும் பெருக்குவதும் சமம். லிஃப்டின் அன்றாடச் செலவில் வயதானவர்களுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். எதுவானாலும் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு பைலாவில் எழுதிவிடுங்கள், வாய்ப்பேச்சு அடுத்த செயலாளர் வந்ததும் நிற்காது.

வேளச்சேரிமேடம்:
தண்ணியை ஆள் கணக்கில் மட்டும் பிரிக்காதீர்கள், தயவுசெய்து. எங்கள் பிளாக்கில் செய்து பார்த்தார்கள். மகள் பிரசவத்துக்கு வந்தாலும் கணக்கு, ஊரிலிருந்து மாமியார் வந்தாலும் கணக்கு, கடைசியில் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற நிலைமை. மீட்டர்தான் சரி. ஆனால் பழைய கட்டடத்தில் சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனித்தனிக் குழாய் என்று மேல் டாங்கிலிருந்து இறங்கும், ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது. பிளம்பரைக் கூப்பிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

மடிப்பாக்கம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. மேடம் சொன்ன மாதிரி எங்கள் வீட்டிலும் மூணு குழாய் இறங்குகிறது. அப்படி மூணுக்கும் மீட்டர் போட்டவர்கள் யாராவது இருந்தால், அந்தச் செலவை அவரவர் கட்டினீர்களா, இல்லை கார்ப்பஸிலிருந்து (எல்லோரும் சேர்த்து வைத்த பொது நிதி) எடுத்தீர்களா?